பத்துக் கோரிக்கைகளும் ஒரு சாப்பாட்டுப் பாசலும்

ஆட்டோ தவறான தெருவில் திரும்பியபோது எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. திருச்சியில் ஒரு கல்லூரியில் முதல் உலகப் போரைப் பற்றிப் பல வருடமாக வகுப்பெடுக்கிறவள் நான். சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசரின் கார் ஓட்டுநர் தெருவைத் தவறவிட்டு வண்டியை நிறுத்தினார். நிறுத்திய இடத்தில் கையில் துப்பாக்கியோடு ஒருவன் நின்றிருந்தான். இந்தக் கதையை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பின்வரிசை கூட நிமிர்ந்து உட்காரும். இப்போது யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, எனக்கும் அதே கதி.

"ரீச்சர், உடுவிலெண்டோ சொன்னனீங்கள்? நான் சண்டிலிப்பாய்க்கெல்லோ வந்திட்டன்" என்றார் ஓட்டுநர். கல்லூரியில் வகுப்பெடுப்பவள் என்று ஏறும்போதே சொல்லியிருந்தேன், டீச்சரை இங்கே ரீச்சர் என்கிறார்கள். இரண்டு பக்கமும் செம்மண்ணில் புகையிலை தளதளவென்று நின்றது. நடுவே வெங்காயப் பாத்தி, அதற்கு நடுவே கிணறு. நம் ஊரில் வயலைப் பார்த்தால் கண் ஓடிக்கொண்டே இருக்கும். இங்கே ஒவ்வொரு துண்டு நிலத்தையும் யாரோ தலைவாரி விட்டதுபோல் இருக்கிறது. சுற்றுவழி ஆனதற்கு நான் வருத்தப்படவே இல்லை.

எதற்காக வந்திருக்கிறேன் என்று கேட்டார். போர் எப்படித் தொடங்கியது என்று புத்தகம் எழுத வந்திருக்கிறேன் என்றேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"எந்தச் சண்டை?"

"1914."

"ஓ, அது தூரத்துச் சண்டை" என்று சொல்லி வண்டியைத் திருப்பினார். அவர் தோள் கொஞ்சம் இறங்கியதைப் பார்த்தேன். அதன்பிறகு உடுவில் வரைக்கும் வெங்காய விலையைப் பற்றித்தான் கதைத்தார்.

உடுவிலில் என் எதிரி காத்திருந்தார். ஞானசேகரம் மாஸ்டர். என் வயதுதான் இருக்கும், மெல்லிய ஆள், சட்டைப்பையில் எப்போதும் பென்சில். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அதே மாதிரி ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பிக்கிறார். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு சிறுபத்திரிகையில் நான் எழுதிய கட்டுரையை அடுத்த இதழிலேயே கிழித்துத் தொங்கவிட்டவர். நான் பதில் எழுதினேன். அவர் பதிலுக்குப் பதில் எழுதினார். பத்திரிகை நின்றுபோன பிறகும் நாங்கள் நிறுத்தவில்லை, மின்னஞ்சலில் தொடர்ந்தோம். இதைப் பார்த்துக்கொண்டிருந்த சென்னைப் பதிப்பாளர் சண்முகம், "ரெண்டு பேரும் சேர்ந்து மாணவர்களுக்கு ஒரு புத்தகம் எழுதுங்களேன்" என்று கோத்துவிட்டார்.

பதினொரு அத்தியாயம் முடிந்துவிட்டது. பன்னிரண்டாவதுதான் பாக்கி, தலைப்பு "யார் காரணம்?" வருகிற திங்கட்கிழமைக்குள் அது கைக்கு வராவிட்டால் புத்தகத்தைக் கைவிடுகிறேன் என்று சண்முகம் சொல்லிவிட்டார். இரண்டு முறை தள்ளிப்போட்டவர், மூன்றாவது முறை மாட்டார். எழுதித் தீர்க்காமல் திரும்புவதில்லை என்று கிளம்பி வந்தேன்.

சண்டை என்னவென்றால் இதுதான். வியன்னாவும் பெர்லினும் தெரிந்தே தீ வைத்தன என்பது என் கட்சி. ஜூலை தொடக்கத்திலேயே, நீ என்ன செய்தாலும் நான் பின்னால் நிற்கிறேன் என்று ஜெர்மனி ஆஸ்திரியாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டது. இளவரசரின் கொலையைக் காட்டி, மறுக்கப்பட வேண்டும் என்பதற்காகவே ஆஸ்திரியா செர்பியாவுக்கு ஓர் இறுதிக் கடிதம் எழுதியது. மாஸ்டரின் கட்சி வேறு. ஒருவரும் பெரிய போரை விரும்பவில்லை, எல்லாருக்கும் எல்லார்மீதும் பயம், ஒருவர் படை திரட்ட மற்றவரும் திரட்டினார், திரட்டிய பிறகு நிறுத்த முடியவில்லை என்பார் அவர். இந்த இரண்டு கட்சிகளும் எங்களுக்கு முன்பே இருக்கின்றன. போர் முடிந்ததும் தோற்றவர் தலையில் பழியைக் கட்டி ஒப்பந்தம் எழுதினார்கள். பிறகு வந்தவர்கள், எல்லா நாடுகளும் தெரியாமல் போருக்குள் சறுக்கி விழுந்தன என்றார்கள். அறுபதுகளில் ஜெர்மனியிலிருந்தே ஒருவர் எழுந்து, இல்லை, நாம்தான் என்றார். அண்மையில் மறுபடி பழியைப் பங்கு போடுகிறார்கள். நூறு வருடத்துக்கு மேலாக ஊசல் ஆடிக்கொண்டே இருக்கிறது. அதை உடுவிலில் நிறுத்திவிடலாம் என்று எனக்கு ஒரு நினைப்பு.

அடுத்த நாள் மத்தியானம் ரூபி அக்கா, அதாவது மாஸ்டரின் மனைவி, காய்ந்த பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சியிருந்தார். நண்டு, இறால், மரவள்ளி, பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் ஒரே பானையில். குடிப்பதற்குப் பனையோலையைக் குவளைபோல் மடித்துக் கையில் கொடுத்தார்கள். திருச்சியில் கூழ் என்றால் மோர் விட்டுக் குடிப்போம். இது காது வரைக்கும் உறைத்தது. மூன்று தரம் வாங்கிக் குடித்தேன். கண்ணீரோடு, 1914 ஜூலையில் தலைநகரங்களுக்கிடையே போன தந்திகளைப் பற்றி வாதாடினோம்.

"ஒரு தந்தி எழுதின நேரம் வேறை, போய்ச் சேர்ந்த நேரம் வேறை" என்றார் மாஸ்டர், நண்டுக்காலை உடைத்துக்கொண்டே. "நீங்கள் எழுதின நேரத்தை மட்டும் பாக்கிறியள். வாசிச்ச நேரத்தைப் பாருங்கோ."

"எழுதும்போது மனசுல என்ன இருந்துச்சுன்னுதான் நான் பார்க்கிறேன், மாஸ்டர்."

"மனசைப் பாக்க உங்களிட்டை எந்த ஆவணம் இருக்கு?"

அன்றைக்கு இப்படியெல்லாம் பேசியும் சண்டை வரவில்லை. சாயங்காலம் வரைக்கும் நான்கு பக்கம் எழுதினோம். அவர் தன் மாணவர்களின் கொப்பிகளைக் காட்டினார். தமிழில் புத்தகம் இல்லாததால் அவருடைய குறிப்புகளை வருடா வருடம் பிள்ளைகள் கையால் பார்த்து எழுதுகிறார்களாம். ஒரு கொப்பியில் பிழை விட்டால் அடுத்த வருடக் கொப்பிகள் எல்லாவற்றிலும் அந்தப் பிழை இருக்கும் என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு இந்தப் புத்தகம் ஒரு வெற்றி. அவருக்கு அது என்ன என்று அப்போதுதான் புரிந்தது.

புரிந்து என்ன பயன், மறுநாள் வியாழக்கிழமை காலையிலேயே வெடித்துவிட்டது. இறுதிக் கடிதத்தைப் பற்றி நான் எழுதிய பத்தியைப் படித்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார்.

"ரீச்சர், நீங்கள் தீர்ப்பை எழுதிப்போட்டுச் சாட்சியைத் தேடுறியள். முடிவு தெரிஞ்ச ஆள் எழுதுற எழுத்து இது. 1914இலை இருந்தவைக்கு முடிவு தெரியாது."

எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அதைவிட மோசம், அதை அவர் அமைதியாகச் சொன்னது. நான் எழுந்து, அவர்கள் வீட்டு வளவுக்குள் எனக்கு ஒதுக்கியிருந்த அறைக்குப் போய், நல்ல கையெழுத்தில் ஒரு கடிதம் எழுதினேன். அத்தியாயத்தின் தலைப்பு நான் சொல்வதுதான். ஜெர்மனியின் வாக்கு முதலில் வரவேண்டும், ரஷ்யா படை திரட்டியது பின்னால்தான். எந்தத் தந்தி எப்போது போய்ச் சேர்ந்தது என்று அவர் ஆசையாக வரைந்த தந்திப் படம் நீக்கப்பட வேண்டும். இப்படி வரிசையாக எண் போட்டுக்கொண்டே போனேன். ஆறாவது கொஞ்சம் அதிகம்தான்: அவர் எழுதிய பக்கங்களுக்குள் நான் புகுந்து, அவரைக் கேட்காமலே திருத்துவேன். கடைசியாக, நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் எழுத்தில் பதில் வேண்டும், இல்லாவிட்டால் விலகுகிறேன் என்று முடித்து, காலை எட்டு மணிக்கு அவர் மேசையில் சர்க்கரை டப்பாவுக்கு, அவர்கள் சொல்லும் சீனிப்பேணிக்கு, அடியில் வைத்தேன். உடம்பெல்லாம் ஒரு சுறுசுறுப்பு. பொய் சொல்வானேன், எனக்கு அது பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை முழுக்க இரு தரப்பிலும் பேச்சு இல்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வந்தது. இடியப்பமும் சொதியும் கொண்டுவந்த ரூபி அக்காவிடம், வேண்டாம், நான் வெளியே சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றேன்.

"சண்டை உங்களுக்கும் அவருக்கும்தானே. இடியப்பம் என்ன செய்தது?" என்று தட்டை வைத்துவிட்டுப் போனார்.

வீம்புக்கு ரூபி அக்காவின் சைக்கிளை வாங்கிக்கொண்டு சுன்னாகம் சந்தைக்குப் போனேன். பாதி வழியில் சங்கிலி கழன்றது. கத்தரிக்காய்க் கூடையோடு வந்த ஒரு பெண் கூடையை இறக்கிவைத்து, குச்சியால் ஒரு நெம்பு நெம்பி மாட்டிவிட்டார். "இந்தியாவிலை சைக்கிள் இல்லையோ?" என்று கேட்டார். இருக்கிறது, மாட்டிவிடத்தான் ஆள் இருப்பதில்லை என்றேன். கை நிறைய எண்ணெய்க் கறையோடு திரும்பினேன். மாஸ்டர் வாசலில் நின்றார். பார்த்தார், சிரிப்பை அடக்கினார், உள்ளே போனார்.

சனிக்கிழமை காலை கெடு முடிகிற நாள். மயிலிட்டியில் கடல் பார்க்கப் போவதென்று முதல்நாளே முடிவு செய்திருந்தேன். பையோடு கிளம்பும்போது ரூபி அக்கா ஓடிவந்து ஒரு சாப்பாட்டுப் பாசலை நீட்டினார், வாழையிலையில் கட்டி, மேலே பத்திரிகைத் தாள் சுற்றியிருந்தது.

"பிரிச்சுப் பாருங்கோ ரீச்சர்."

"மத்தியானம் பார்க்கிறேன் அக்கா. பஸ் போயிடும்."

மணி எட்டாகப் பத்து நிமிடம் இருந்தது. எட்டு மணிக்குப் பஸ்ஸில் இருந்தேன். பதில் வரவில்லை. தெல்லிப்பளை தாண்டியதும் பஸ் பெரிதாக ஒரு சத்தம் போட்டு நின்றது. ஓட்டுநரும் நடத்துநரும் இறங்கிச் சக்கரத்தைப் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் இரண்டு பேர் கதைத்துக்கொண்டிருந்தார்கள். "போனமாசமே மாத்தச் சொன்னனான்" என்றார் ஒருவர். "நீ ஆருக்குச் சொன்னனி?" என்றார் மற்றவர். "உனக்குத்தான்." "எனக்குச் சொல்லி என்ன, நான் பஸ்காரனோ?" பிறகு அவர்கள் அதைப் பற்றியே அரை மணி நேரம் வாதாடினார்கள்.

அந்த அரை மணி நேரத்தில் நான் போனை எடுத்தேன். சண்முகத்துக்கு மின்னஞ்சலில் நான்கு வரி அடித்தேன்: நான் விலகுகிறேன், என் பெயரையும் என் பக்கங்களையும் எடுத்துவிடுங்கள். அனுப்பினேன். யாரும் கூப்பிட்டுச் சமாதானம் பேசிவிடக் கூடாது என்று போனை அணைத்தும் வைத்தேன். பஸ் ஓடிக்கொண்டிருந்திருந்தால் அனுப்பியிருப்பேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மயிலிட்டித் துறைமுகத்தில் இறங்கியதும் எல்லாம் மறந்துவிட்டது. திருச்சிக்காரிக்குக் கடல் என்றால் அப்படித்தான். நீலம், அதற்கு மேல் பச்சை, வரிசையாக வள்ளங்கள், மீன்நாற்றம், ஐஸ் லொறி. ஆனால் காற்று முகத்தில் அறைந்தது. மேற்கே வானம் கறுத்திருந்தது. தேநீர்க் கடை நடத்திய ராணி அக்கா பிளேன்ரீயை நீட்டி, "இண்டைக்கு ஆரும் போகப்படாது" என்றார். நான் வள்ளங்களைப் பார்த்தேன். இரண்டு பெரிய படகுகளில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஐஸ் ஏத்திற ரெண்டுபேரும் என்ரை தம்பிமார்" என்றார் ராணி அக்கா.

என்னால் சும்மா இருக்க முடியுமா? குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு போனேன். மூத்த தம்பியிடம், காற்று சரியில்லையே, பிறகு ஏன் ஐஸ் ஏற்றுகிறீர்கள் என்று கேட்டேன்.

"அவன் ஏத்தினவன் ரீச்சர். நான் ஏத்தாமல் விட்டால் அவன் கடலுக்குப் போயிடுவான், நான் கரையிலை நிப்பன்."

இளையவரிடம் போனேன். "எனக்குப் போக விருப்பமில்லை. அண்ணை ஏத்தேக்கை நான் என்ன செய்யிறது?"

யார் முதலில்? மூத்தவர் இளையவரைக் காட்டினார், இளையவர் மூத்தவரைக் காட்டினார். லொறி ஓட்டுநரைப் பிடித்தேன். "ரெண்டுபேரும் ஒரே நேரம்தான் ரெலிபோன் எடுத்தவை. நான் ஒரே லொறியிலை கொண்டந்தனான்" என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்போது இறக்கிவிடலாமே என்றதற்கு இரண்டு படகிலிருந்தும் ஒரே பதில்: "ஏத்தின ஐஸ் நிக்காது ரீச்சர். கரைஞ்சுபோம். இனிப் போகத்தான் வேணும்."

ஐயோ, ஞானசேகரம் மாஸ்டரின் பன்னிரண்டாவது அத்தியாயம் என் கண்ணெதிரே லுங்கி கட்டிக்கொண்டு நின்றது. யாருக்கும் விருப்பமில்லை, ஒருவரைப் பார்த்து மற்றவர், ஏற்றிய பிறகு நிறுத்த முடியாது. ஜெர்மன் பேரரசர் கடைசி நேரத்தில் மேற்கே போகிற படையைக் கிழக்கே திருப்பக் கேட்டார். ரயில்களுக்கு நேரம் குறித்தாயிற்று, முடியாது என்றார் தளபதி. அதுவும் ஐஸ்தான். ஆறு வருடமாக நான் மறுத்த ஒன்றை ஒரு மணி நேரத்தில் இந்த அண்ணன் தம்பி நிரூபித்துவிட்டார்கள். குதிக்க வேண்டும் போல இருந்தது.

அப்போது ராணி அக்கா கடையை அப்படியே விட்டுவிட்டு வந்தார். கத்தவில்லை. இரண்டு படகுக்கும் நடுவில் நின்றார்.

"ஐஸ் கரைஞ்சால் தண்ணி. கரையட்டும். ரெண்டுபேரும் இறங்கி வந்து தேத்தண்ணி குடியுங்கோ."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் யார் இறங்கினார்கள் என்று என் குறிப்பேட்டில் எழுத நினைத்தேன், முடியவில்லை, இரண்டு பேரும் சேர்ந்துதான் இறங்கினார்கள். கடைக்கு வந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

நான் என்ன எழுதுகிறேன் என்று ராணி அக்கா கேட்டார். சொன்னேன். கிளாஸைக் கழுவிக்கொண்டே, "இஞ்சை நடந்த சண்டையிலை ஊரை விட்டுட்டு இருபது வருஷத்துக்கு மேலை முகாமிலை இருந்தனாங்கள். ஆர் தொடங்கினது எண்டு நாங்களும் ஒவ்வொரு நாளும் கதைச்சனாங்கள். கதைச்சு முடியேல்லை" என்றார். பிறகு, "நிப்பாட்டியிருக்கக்கூடிய ஆக்கள் ஆர் எண்டு கேட்டிருக்கவேணும். அதை ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார். அதை என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

பசித்தது. பாசலைப் பிரித்தேன். பத்திரிகைத் தாளுக்கும் வாழையிலைக்கும் நடுவில் நான்காக மடித்த காகிதம் இருந்தது, பென்சில் எழுத்து. ஒன்று, சம்மதம். இரண்டு, சம்மதம். மூன்று, படத்தை நீக்க மனமில்லை, ஆனாலும் சம்மதம். இப்படி ஒன்பதுக்கும் சம்மதம். ஆறாவதற்கு எதிரே மட்டும்: "என்ரை பக்கங்களுக்குள்ளை நீங்கள் கேளாமல் வரேலாது. கேட்டுப்போட்டு வாங்கோ. எப்பவும் திறந்திருக்கும்."

அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். நான் எழுதியவை பத்துக் கோரிக்கைகள். ஆஸ்திரியா செர்பியாவுக்கு எழுதியவையும் பத்து. நாற்பத்தெட்டு மணி நேரம். ஆறாவது, உன் எல்லைக்குள் என் ஆட்கள் வந்து விசாரிப்பார்கள் என்பது. செர்பியா மறுத்ததும் அதைத்தான். கெடு முடியச் சில நிமிடம் இருக்கும்போது பதில் கொடுத்தார்கள், ஆஸ்திரியத் தூதர் பெட்டி கட்டி வைத்திருந்தார், சரியாகப் படிக்காமலே ரயில் ஏறினார். வருடா வருடம் கரும்பலகையில் எழுதி எழுதிக் கை தானாக எழுதிவிட்டது. பாசலை மூடிவைத்தேன். போனை உயிர்ப்பித்துச் சண்முகத்தைக் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. நான்கு தடவை.

உடுவிலுக்குத் திரும்பிய பஸ் நன்றாகவே ஓடியது. அது ஓடியதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

மாஸ்டர் மேசையில் கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். பதிலை இப்போதுதான் படித்தேன் என்றேன்.

"எட்டு மணிக்கு முன்னமே தந்தனாங்கள்."

"தெரியும். அதுக்குப் பிறகு நான் சண்முகத்துக்கு எழுதிட்டேன். விலகறேன்னு."

பென்சில் அவர் கையில் அப்படியே நின்றது. அவர் என்னைத் திட்டவில்லை. அடுக்கி வைத்திருந்த கொப்பிகளைப் பார்த்தார். அடுத்த வருடமும் பிள்ளைகள் கையால்தான் எழுத வேண்டும். அவர் கண்ணைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

"மாஸ்டர், ஒரு உண்மை சொல்லணும். ஆறாவதை நீங்க மறுக்கணும்னுதான் எழுதினேன்."

நிமிர்ந்து பார்த்தார். "வேணுமெண்டோ?"

"வேணும்னேதான். ஆனா புத்தகம் போயிடும்னு நினைக்கல. நீங்க கொஞ்சம் பயப்படணும்னு நினைச்சேன், அவ்வளவுதான். பஸ் நின்னுச்சு, கைல போன் இருந்துச்சு."

அவர் எழுந்துவிட்டார். முகம் மாறிவிட்டது. "அப்ப நீங்கள் ஆறு வருஷமாச் சொன்னது சரி. எழுதின ஆள் மறுப்பைத்தான் விரும்பினது. சாட்சி இஞ்சை நிக்குது."

"இல்ல மாஸ்டர், நீங்க சொன்னதுதான் சரி. எனக்கு முடிவு தெரியாது. மயிலிட்டில ஐஸ் ஏத்தினாங்க, கேளுங்க..."

ராணி அக்காவின் கதையை நான் சொல்ல, அவர் குறுக்கே புகுந்து என் கட்சியைப் பேச, நான் அவர் கட்சியைப் பேச, பத்து நிமிடத்தில் இருவரும் இடம் மாறி உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தோம். ரூபி அக்கா எட்டிப் பார்த்து, "சமாதானமோ, சண்டையோ?" என்றார். எங்களுக்கே தெரியவில்லை.

அப்போது போன் அடித்தது. சண்முகம்.

"மேடம், மெயிலைப் பார்த்தேன். நாலு தடவை வேற கூப்பிட்டிருக்கீங்க. காலையில எட்டரைக்கு, நாலே வரியில அனுப்பின மெயிலுக்கெல்லாம் நான் அன்னைக்கே எதுவும் செய்யறதில்ல. திங்கட்கிழமைதானே கெடு? அதுவரைக்கும் நான் அதைப் படிக்கலைன்னு வச்சுக்கோங்க."

போனை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். 1914 ஜூலையில் அந்தத் தலைநகரங்களில் தந்திகள் கொட்டிக் கிடந்தன, தூதர்கள் இருந்தார்கள், அகராதி போல் கனமான ரயில் அட்டவணைகள் இருந்தன. திங்கட்கிழமை வரைக்கும் படிக்காத ஒரு சண்முகம் இல்லை.

அன்று மாலையும் ஞாயிறு காலையும் எழுதி முடித்தோம். அத்தியாயத்தின் முடிவில் யார் காரணம் என்பதற்குக் கீழே இன்னொரு கேள்வியும் வந்திருக்கிறது: யார் நிறுத்தியிருக்கலாம்? அது ராணி அக்காவின் கேள்வி. தந்திப் படம் நீக்கப்படவில்லை. என் பக்கங்களுக்குள் மாஸ்டர் கேட்டுவிட்டுத்தான் வந்தார், நானும் அவர் பக்கங்களுக்குள் கேட்டுவிட்டுத்தான் போனேன்.

கடைசியில் அவர் ஒரே ஒரு கோரிக்கை வைத்தார். கெடு எதுவும் இல்லை. சீனிப்பேணிக்கு அடியில் நான் வைத்த கடிதத்தை, பெயரை மட்டும் எடுத்துவிட்டு, பயிற்சிப் பகுதியில் அப்படியே போட வேண்டும். அதற்குக் கீழே அவரே பென்சிலால் வினாவை எழுதினார்: இக்கடிதத்தை எழுதியவர் சண்டையை விரும்பினாரா? சான்றுகள் காட்டி விளக்குக.

சம்மதித்தேன். வருகிற வருடம் முதல் யாழ்ப்பாணத்திலும் திருச்சியிலும் பிள்ளைகள் அதற்கு இரண்டு பக்கத்தில் விடை எழுதுவார்கள், பாதிப் பேர் ஆம் என்பார்கள், பாதிப் பேர் இல்லை என்பார்கள். புத்தகத்தின் பின்னால் விடைகளுக்கு நான்கு பக்கம் இருக்கிறது. அந்த வினாவுக்கு எதிரே என்ன போடுவது என்று சண்முகம் மறுநாள் என்னைக் கேட்டார். கடிதத்தை எழுதியதே நீங்கள்தானே, உங்களுக்குத்தானே தெரியும் என்றார். அரை மணி நேரம் யோசித்துவிட்டு, அந்த இடத்தை வெறுமையாக விடச் சொன்னேன்.